முன் சீட்டுக்கு அடியில் இருந்த பாட்டரி

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் கிளப்பத் தெரியும். இப்படிச் சொன்னால் இப்போதுள்ளவர்களுக்குப் புரிவதில்லை. ஓட்டத் தெரியாதவள் எதற்குக் கிளப்ப வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அந்தக் காலத்துக் கார்களுக்கு மூக்குக்குக் கீழே ஒரு துவாரம் இருக்கும். இரண்டு இடத்தில் வளைந்த இரும்புக் கம்பி ஒன்றை அதில் செருகிச் சுற்றினால் என்ஜின் கிளம்பும். அதை ஹேண்டில் என்போம். பாட்டரி நன்றாக இருக்கிற வண்டிக்கு ஹேண்டில் தேவையில்லை. உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் போதும், பாட்டரியே என்ஜினைச் சுற்றிவிடும். பாட்டரி நோஞ்சானாகிவிட்டால்தான் மனுஷர் இறங்கிச் சுற்ற வேண்டும். சுற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அமுக்கக் கூடாது. என்ஜின் சில நேரம் மாடு மாதிரித் திருப்பி உதைக்கும். கட்டை விரல் எதிர்ப் பக்கம் இருந்தால் கை போய்விடும்.

என் வீட்டுக்காரருக்குக் கை அப்படித்தான் போயிற்று.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராமநாதபுரத்தில் வாடகைக்கு ஓடிய கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று எங்களுடையது. யுத்தத்துக்கு முந்தின வண்டி. ஒரு பண்ணைக்காரர் ஆண்டு அனுபவித்து அலுத்துப்போய்க் கழித்துவிட்டதை இவர் வாங்கியிருந்தார். என் மாமியார் அதைப் பிளசர் என்றுதான் சொல்லுவார். ராமேஸ்வரத்துக்குப் போகிறவர்கள்தான் முக்கியமான சவாரி. ஆனால் ராமேஸ்வரம் வரைக்கும் கார் போகாது. மண்டபத்தோடு சாலை தீர்ந்துவிடும். அதற்கப்புறம் கடல், கடல் மேல் ரயில் பாலம். வடக்கேயிருந்து வருகிறவர்களை மண்டபம் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, சாமி கும்பிட்டுத் திரும்பி ரயிலில் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வருவார். மற்றபடி ஏர்வாடி தர்கா, சாயல்குடிப் பக்கம் உப்பளத்துக் கணக்குப்பிள்ளைகள், எப்போதாவது ஒரு கல்யாணம்.

அந்த வண்டியில் பாட்டரி இருந்த இடம் முன் சீட்டுக்கு அடியில். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டைத் தூக்கினால் ஒரு பலகை, பலகையைத் தூக்கினால் பாட்டரி. கறுப்புப் பெட்டி, தலையில் தார் பூசி மூன்று மூடிகள். ஒவ்வொரு மூடியையும் திருகித் திறந்து உள்ளே தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர்தான் எங்கள் ஊரில் பெரும்பாடு. கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் பாட்டரி கெட்டுவிடும். ஆவியாக்கி வடித்த தண்ணீர் மதுரையில்தான் கிடைக்கும். அதனால் எங்கள் ஊர் டிரைவர்கள் மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஐப்பசி மழையில் முதல் இரண்டு நாளை விட்டுவிட்டு, துவைத்த வேட்டியை நாலு கம்பில் நாலு மூலையும் கட்டி, நடுவில் கழுவின கூழாங்கல் ஒன்றைப் போடுவார் இவர். கல் இருக்கிற இடத்தில் வேட்டி தொய்ந்து, தண்ணீர் அங்கிருந்து சொட்டும். பித்தளைக் குடத்தில் பிடிக்கக் கூடாதாம், பாட்டரிக்கு ஆகாதாம். பீங்கான் ஜாடிதான் வேண்டும். எங்கள் வீட்டில் பீங்கான் ஜாடி என்றால் என் மாமியாருடைய ஊறுகாய் ஜாடிகள்.

"ஏலே, எலுமிச்சங்கா ஊறப் போட ஒரு ஜாடி இல்லாமப் பண்ணிட்டியேடா. பிளசருக்கு என்ன பேதியா, இம்புட்டுத் தண்ணி கேக்குது?" என்பார் அத்தை ஒவ்வொரு ஐப்பசியும். இவர் ஜாடிகளை வெள்ளைத் துணியால் வேடு கட்டி, கட்டிலுக்கு அடியில் வரிசையாக வைத்துவிடுவார். அந்தப் பக்கம் கூட்டவே எனக்குப் பயமாக இருக்கும்.

நான் வைகைக் கரைக்காரி. ஆற்று மணலைக் கையால் தோண்டினால் ஊற்று வந்து நிற்கும், கண்ணாடி மாதிரி. அதைக் குடித்து வளர்ந்தவளுக்கு இந்த ஊர்த் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கவில்லை. ஊருணியில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கிற மாதங்களில் பிழைத்துக்கொள்வேன். ஊருணி வற்றினால் சாபம்தான். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ மழை நாலைந்து நாளோடு நின்று ஏமாற்றிவிட்டது. அந்தக் கோடையில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. எது உள்ளே போனாலும் திரும்பி வந்தது. கிணற்றுத் தண்ணீரில் வைத்த கஞ்சியைப் பார்த்தாலே குமட்டியது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, எங்கள் ஆற்றைப் பற்றியே பிதற்றிக்கொண்டிருந்தேனாம்.

அந்த நாட்களில் அத்தை செம்பில் ஊற்றிக் கொடுக்க, இவர் எனக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். காலையில் ஒரு செம்பு, மத்தியானம் ஒரு செம்பு. குடித்தால் குடித்த இடம் குளிர்ந்தது.

"இது ஏதுங்க?" என்று கேட்டேன்.

"ஊருணித் தண்ணி. போய் எடுத்தாந்தேன்."

சரி என்று குடித்தேன். அந்தத் தண்ணீரில்தான் கஞ்சியும் வைத்தார்கள். கோடை முடிகிற நேரம் எழுந்து உட்கார்ந்தேன். உடம்பு தேறியதும் முதல் வேலையாக அவரோடு சண்டை போட்டேன், எதற்கென்று நினைவில்லை.

அதற்கடுத்த வருஷம்தான் பாட்டரி நோஞ்சானாகியது. பொத்தானை அழுத்தினால் கிழட்டு ஆடு இருமுவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹேண்டில் போட்டால் மட்டும் பிழைத்தது. "வயசாயிருச்சு" என்றார் இவர். ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் அந்தப் பாட்டரியை விற்றவனைத் திட்டினார்கள். நானும் என் பங்குக்குத் திட்டினேன். வண்டியில் இருந்த கிளீனர் மதுரை மில்லில் வேலை கிடைத்துப் போய்விட்டதால் இவரே இறங்கி ஹேண்டில் சுற்ற வேண்டியதாயிற்று. ஒரு நாள் சாயல்குடி ரோட்டில் என்ஜின் திருப்பி உதைத்து வலது மணிக்கட்டு முறிந்தது. வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்துமாவும் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. ஸ்டியரிங் பிடிக்கக் கை வளைந்தது. ஹேண்டில் சுற்ற வளையவில்லை.

கட்டுப் பிரித்து வண்டி எடுத்த முதல் நாள் மண்டபத்துக்குச் சவாரி. ஏறினவர்கள் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். இவர் இடது கையால் சுற்றுகிறார், சுற்றுகிறார், வண்டி அசையவில்லை. முகமெல்லாம் வேர்வை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போனேன்.

"இங்கன குடுங்க."

"ஏ புள்ள, இது உரல் இல்ல."

"தெரியுது. கட்டை வெரல எங்கன வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

கிணற்றில் இறைத்த கை, நெல் குத்தின கை. மூன்றாவது இழுப்பில் என்ஜின் பிடித்துக்கொண்டது. தெருவே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. உள்ளங்கையில் அந்த அதிர்வு ஏறியதே, அது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம்தான் இவருக்கு யோசனை வந்தது: மண்டபத்தில் வண்டியை நிறுத்தினால் அங்கே யார் கிளப்புவது? முன் கதவைத் திறந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன்.

கரண்டியோடு ஓடிவந்தார் அத்தை. "எங்கன போறா இவ?"

"பாட்டரி மாத்துற வரைக்கும்தான் ஆத்தா."

"மாத்துனதும் அடுப்படிக்கு வந்துறணும். பொம்பள இரும்பச் சுத்துறதப் பாக்கவா பெத்து வளத்து ஒனக்குக் கட்டி வச்சோம்?"

என்னைப் பெற்றதும் வளர்த்ததும் அவர் அல்ல. ஆனாலும் கோபத்தில் நியாயம் இருந்தது. "வந்துர்றேன் அத்தை" என்றேன். அதுதான் ஒப்பந்தம். புதுப் பாட்டரி வருகிற வரை அந்த முன் சீட்டு எனக்கு. வந்த பிறகு இல்லை.

கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த ராமநாதபுரம் எங்கள் தெரு, கிணறு, கோயில், அவ்வளவுதான். அந்தச் சீட்டில் உட்கார்ந்த பிறகு ஊர் விரிந்தது. மண்டபம் நெருங்கும்போது இரண்டு பக்கமும் கடல் வரும். ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் அலையே இல்லாத பச்சைத் தண்ணீர். முதல் தடவை பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன், மணல் வாய்க்குள் போனதுதான் மிச்சம். ரயில் வருகிற வரை ஸ்டேஷன் வேம்பின் நிழலில் நாங்கள் இருவரும் கட்டுச்சோறு சாப்பிடுவோம். வீட்டில் நாலு பேர் நடுவில் பேச முடியாததை எல்லாம் அங்கே பேசினோம். பெரிதாக ஒன்றுமில்லை. கருவாடு விலை, அவருடைய சின்ன வயதுக் குறும்பு, எனக்கு நீச்சல் தெரியும் என்று நான் விட்ட சரடு. என் கல்யாணம் அந்த மர நிழலில்தான் நடந்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அதற்கு முன்னால் நடந்தது சடங்கு.

வியாழக்கிழமை தோறும் ஏர்வாடி தர்காவுக்கு ஒரு சவாரி வரும். கடல் வியாபாரம் செய்யும் குடும்பத்து அம்மா ஒருவர், துப்பட்டி போர்த்திக்கொண்டு பின் சீட்டில் உட்காருவார். நான் அவரை லாத்தா என்பேன், அவர்கள் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முன்னெல்லாம் துணைக்கு ஆள் தேடி, கிடைக்காத வாரம் போகாமலே இருந்துவிடுவாராம். முன் சீட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து ஒரு வாரமும் தப்பவில்லை.

"நீ வாரதுனாலதான் தங்கச்சி நான் நிம்மதியா வாரேன்" என்பார். நான் ஹேண்டில் சுற்றும்போது "பிஸ்மில்லா" என்று அவர் சொல்ல, நான் "முருகா" என்று இழுக்க, யார் சொல்லுக்குக் கட்டுப்பட்டதோ, வண்டி கிளம்பிவிடும்.

ஆனால் பாட்டரி இன்னும் கெட்டுக்கொண்டே போனது. ஹேண்டில் சுற்றும்போது பொறி தட்டவாவது கொஞ்சம் உயிர் வேண்டுமே, அதுவும் போய்க்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை ஏர்வாடியிலிருந்து திரும்புகையில் வண்டி நின்றுவிட்டது. உள்ளங்கை கொப்புளிக்கும் வரை சுற்றினேன். பிஸ்மில்லாவுக்கும் அசையவில்லை, முருகனுக்கும் அசையவில்லை. கடைசியில் பனையோலை ஏற்றிவந்த மாட்டு வண்டிக்காரர் ஒருவர் கயிறு போட்டு இழுத்துக் கிளப்பிவிட்டார். இறங்கும்போது லாத்தா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இவரிடம், "தம்பி, பிள்ளை கையப் பாருங்க. பாட்டரிய மாத்திருங்க" என்றார்.

இவர் என் கையைப் பார்த்தார். அன்றைக்கே முடிவாகிவிட்டது.

பாட்டரி வாங்கப் போகிறோம் என்றதும் ஊரே வாத்தியாராகிவிட்டது. கனமாக இருக்கிறதாகப் பார்த்து வாங்கு என்றார் ஒருவர். மேல் பூச்சு மின்னினால் வாங்காதே என்றார் இன்னொருவர். பழையதற்கே உள்ளே இருக்கிற ஈயத் தகடுகளை, பிளேட்டை, மாற்றிக் கொடுப்பார்கள், அதுவே போதும் என்றார் மூன்றாமவர். அத்தையும் விடவில்லை. "பானை வாங்குற மாதிரித் தட்டிப் பாத்து வாங்கு. டங்குன்னா விட்டுரு, டொக்குன்னா எடு" என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போதே முகத்தில் ஒரு தெளிச்சி. அடுப்படிக்கு ஆள் திரும்பி வரப்போகிறதே.

என் மனசை உள்ளபடி சொல்கிறேன். வண்டி ஓட வேண்டும். ரொம்ப நன்றாகவும் ஓடக் கூடாது. மதுரைக்குப் புறப்பட்ட காலையில் ஹேண்டிலைச் செருகும்போது இது கடைசித் தடவையாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் அதையே தடவிக்கொண்டிருந்தேன். வழி முழுக்கப் பேசாமல் வந்தேன். இவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வயிற்றுவலி என்று நினைத்திருப்பார்.

கடை ரயிலடிப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் மூக்கை அரிக்கிற புளிச்ச நெடி. கடைக்காரர் நடுத்தர வயது, கையெல்லாம் பழுப்புக் கறை, வேட்டியில் ஆசிட் பட்ட பொத்தல்கள். எங்களுக்கு முன்னால் இரண்டு பாட்டரிகளை எடுத்து வைத்தார். ஒன்று புத்தம் புதியது. இன்னொன்று பிளேட் மாற்றினது, தலையில் புதுத் தார் பூசிப் பளபளவென்று இருந்தது.

"பிளேட் மாத்துனது எத்தன நாளைக்கு வரும்ணே?" என்று கேட்டார் இவர்.

"நான் பொய் சொல்ல மாட்டேன். அடுத்த மழை வரைக்கும் வரும். அப்புறம் அது புண்ணியம், ஒங்க புண்ணியம்."

இவர் என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு. இத்தன நாளா பாட்டரி செய்ய வேண்டிய வேலையச் செஞ்சவ நீதான்."

இரண்டையும் பார்த்தேன். அடுத்த மழை வரைக்கும்தானா? அதற்கப்புறம் மறுபடியும் முன் சீட்டு, மண்டபம், வேப்பமர நிழல். மறுப்புச் சொல்லவும் ஆள் இல்லை, பிளேட் மாற்றினதே போதும் என்று ஸ்டாண்டிலேயே சொன்னார்கள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் கடைக்காரர் எங்கள் பழைய பாட்டரியை இழுத்து வைத்து, மூடியைத் திருகி, உள்ளே விளக்குப் பிடித்துப் பார்த்தார்.

"எந்த ஊரு நீங்க?"

"ராமநாதபுரம்."

"அதானே. கெணத்துத் தண்ணிய ஊத்திருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ன பேச்சு பேசுறீங்க? மழத்தண்ணியத் தவிர வேற தண்ணி இவரு தொட்டதில்ல. அதுக்குன்னு எங்க அத்தையோட ஊறுகா ஜாடி அம்புட்டையும் பறிச்சு வச்சிருக்காரு. வேற யாருகிட்டயாவது போய்ச் சொல்லுங்க."

"தங்கச்சி, கோவிக்காதீங்க. உள்ள பிளேட்டு உதுந்து கெடக்குது பாருங்க. ஒருநா ரெண்டுநா ஊத்துனா இப்பிடி ஆகாது. ஒரு கோடை பூராவும் உப்புத்தண்ணி குடிச்ச பாட்டரி இது."

சாட்சிக்கு இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் தெருவில் நின்ற ஒரு குதிரை வண்டியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கோடை பூராவும். எங்கள் வாழ்க்கையில் அப்படிச் சொல்லும்படி ஒரு கோடைதான் இருந்தது. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கோடை. அந்தக் கோடையில் ஊருணி வெடித்துக் கிடந்தது, மாடுகளைத் தெற்கே ஓட்டிப் போனார்கள், அதைத் தெருவில் பேசிக்கொண்டு போனவர்கள் வாயால் படுத்தபடி நானே கேட்டிருக்கிறேன். காலையில் ஒரு செம்பு, மத்தியானம் ஒரு செம்பு. கேட்டதையும் குடித்ததையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

"எனக்குக் காமாலை வந்தப்ப ஊருணியில தண்ணி இருந்துச்சா?" என்றேன்.

"இருந்துச்சு. கொஞ்சம்."

"பொய்."

கோணிப்போன மணிக்கட்டை இடது கையால் தேய்த்துக்கொண்டார். குதிரை வண்டியும் போய்விட்டது, பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

"வண்டிக்கு ஹேண்டில் இருக்குது புள்ள. ஒனக்கு என்ன இருக்குது?"

அவ்வளவுதான் சொன்னார். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு மூடிகளைத் திருகி மூடினார். நான் அந்த மணிக்கட்டையே பார்த்தேன். ஜாடித் தண்ணீர் எனக்கு வந்தது, கிணற்றுத் தண்ணீர் பாட்டரிக்குப் போனது, பாட்டரி கெட்டது, ஹேண்டில் உதைத்தது, கை முறிந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன். பாட்டரி விற்றவனை ஊரெல்லாம் திட்டியபோதும் வாயைத் திறக்கவில்லை. அழுகை வந்தது. அழுதால் கடைக்காரர் பார்ப்பாரே என்று, குனிந்து, புதுப் பாட்டரியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். டொக்கென்று கேட்டது.

"இதையே குடுங்க" என்றேன். "இவரு கை இனிமே ஹேண்டில் பக்கமே போகப்படாது. எந்த மழைக்கும் போகப்படாது."

"பாட்டரியத் தட்டிப் பாத்து வாங்குனது இந்தக் கடையில நீங்க ஒருத்தர்தான்" என்றார் கடைக்காரர். சிரிக்காமல்தான் சொன்னார்.

திரும்பும்போது மானாமதுரைக்கிட்ட வைகை ஓரமாக வண்டியை நிறுத்தினார். என்ஜினையும் அணைத்துவிட்டார். நடு ரோட்டில் அவர் என்ஜினை அணைத்து நான் பார்த்து வருஷமாயிற்று. மணலில் இறங்கி ஊற்றுத் தோண்டினேன். கலங்கல் தெளிந்ததும் முதலில் அவருக்குத்தான் இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "ஒங்க ஊருத் தண்ணிக்கு நீ பிதற்றுனது சரிதான்" என்றார்.

கரையேறியதும் பழக்கத்தில் கால் தானாகப் போயிற்று. பின் சீட்டுக்கு அடியில் இருந்த ஹேண்டிலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றேன், முந்தானையும் செருகியாயிற்று. அதற்குள் அவர் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்திவிட்டார். என்ஜின் ஒரே சத்தத்தில் பிடித்துக்கொண்டது. நான் ஹேண்டிலோடு நின்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. ஹேண்டிலைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். ஊர் வரும் வரைக்கும் எனக்கு அடியில் அந்தப் பாட்டரி அசையாமல் இருந்தது.

வீட்டில் அத்தை பாட்டரிக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். சந்தனம் குங்குமம் வைத்தார். "டொக்குன்னுச்சா?" என்று கேட்டார். "டொக்குன்னுச்சு" என்றேன். அதோடு அடுப்படிக்குள் போய்விட்டேன், சொன்ன சொல் சொல்தான்.

மறுநாள் வியாழக்கிழமை. லாத்தாவை ஏற்றி ஏர்வாடிக்குப் போக வேண்டும். நான் அடுப்படியில் உட்கார்ந்து காய் நறுக்கினேன். கத்தரிக்காய் என் கையில் என்ன பாடு பட்டது என்று கேட்காதீர்கள். வாசலில் வண்டி ஒரு நொடியில் கிளம்பியது. கிளம்பினது போகவில்லை. உறுமிக்கொண்டே நின்றது. என்ன கோளாறோ என்று பதறி வெளியே வந்தேன். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முன் கதவு திறந்திருந்தது.

"கட்டிலுக்கு அடியில கடைசி ஜாடி இருக்குல்ல. அத எடுத்துக்கிட்டு வா" என்றார்.

"எதுக்கு?"

"பாட்டரிக்குத் தண்ணி பாக்க வேணாமா?"

"நேத்துத்தானங்க போட்டோம்?"

"புதுப் பாட்டரி. தண்ணி எப்பிடிக் குடிக்கும்னு யாருக்குத் தெரியும்? ஜாடிய மடியில வச்சுப் பிடிச்சுக்கிட்டு வர ஆள் வேணும். குலுங்குனா ஒடஞ்சு போயிரும்."

அத்தை என் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். மகனை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கோடையில் செம்பில் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தனுப்பிய கை அவருடையதுதான், அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரும் வாய் திறக்கவில்லையே.

"போ" என்றார். "ஜாடிய ஒடச்சுராத. ஊறுகா போடணும்."

ஜாடியை எடுத்துக்கொண்டு வந்து ஏறினேன். மடியில் வைத்ததும் பீங்கானின் குளிர்ச்சி புடவை வழியாகத் தொடையில் பட்டது. வண்டி தெரு முனை திரும்பியது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நெசமாச் சொல்லுங்க. இந்தத் தண்ணி பாட்டரிக்கா, எனக்கா?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாருக்கு மொதல்ல தாகம் எடுக்குதோ அவங்களுக்கு."